மல்லிகை தழைக்கிறது, மொட்டு வைக்கவில்லை: என்ன செய்வது?

யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கிணற்றடியில் ஐந்து வருடமாக நிற்கும் மூன்று மல்லிகைகள், பங்குனி பிறந்தும் மொட்டு வைக்காமல் கரும்பச்சை இலையாகவே தழைத்து நிற்கின்றன. தை மாதத்தில் மாட்டெருவுடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி யூரியா போட்டிருக்கிறார். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று தண்ணீரும் தவறாமல் ஊற்றுகிறார். மதிலோரத்து எக்சோராவின் (வெட்சி) கொழுந்துகள் மஞ்சளாகின்றன. படலைக்கு மேலே படரவிட்ட போகன்விலாவிலும் பூவைக் காணவில்லை. மல்லிகைக்கு எந்தப் பசளை போடலாம் என்பதும், ஆடியில் கனடாவிலிருந்து வரும் மகள் டியூலிப் கிழங்கு கொண்டுவந்தால் இங்கே பூக்குமா என்பதும் அவருடைய கேள்விகள்.

இப்போதைக்கு உங்கள் மல்லிகைக்குப் பசளை எதுவும் வேண்டாம். அது பட்டினியால் பூக்காமல் நிற்கவில்லை. வயிறு நிறைந்ததால் நிற்கிறது. நைதரசனும் நீரும் இடைவிடாமல் கிடைக்கும்வரை மல்லிகை இலையும் கொடியுமாக வளர்ந்துகொண்டே போகும். சிறிது காலம் நீர் குறைந்து, வளர்ச்சி தளர்ந்து, பிறகு கவ்வாத்தினால், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதால், புதுக்கிளை வெடிக்கும்போதுதான் அந்தக் கிளையின் நுனியிலும் இலைக்கக்கத்திலும் மொட்டுக் கட்டும். குளிர்நாடுகளில் பனிக்காலம் செடியை உறங்க வைக்கிறது, வெயில் திரும்பியதும் அது பூக்கிறது. நமக்குப் பனிக்காலம் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை ஓய்ந்து, தையிலும் மாசியிலும் மண் காய்வதுதான் யாழ்ப்பாணத்துச் செடிகளுக்கு உறக்கம். இலையுதிர்த்து நின்ற கொன்றை சித்திரையில் மஞ்சள் சரம் தொங்கவிடுவதும், வடகத்துக்காக நாம் சேலை விரித்துப் பொறுக்கும் வேப்பம்பூ இந்நாட்களில் உதிர்வதும் இந்த வறட்சிக்குப் பின்னால்தான். கொன்றைக்கும் வேம்புக்கும் யாரும் வாளியில் தண்ணீர் ஊற்றுவதில்லை. உங்கள் மல்லிகைக்கு மட்டும் அந்த ஓய்வு கிடைக்கவில்லை.

ஊற்றும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மேலே போடும் பசளையும் மலசலகூடக் குழியின் கசிவும் அதன் வெடிப்புகள் வழியே இலகுவாக நிலத்தடி நீரை அடைந்துவிடும். குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்ட நிலங்களை அண்டிய பல கிணறுகளில், நைதரசன் நீரில் கரைந்திருக்கும் வடிவமான நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. உங்கள் கிணற்றில் அந்த எல்லையளவே இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். பத்து லீற்றர் வாளியால் நாளுக்கு இரண்டு வாளி ஊற்றினால், ஒரு மாதத்தில் ஒரு செடிக்கு நீரோடு மட்டும் ஏறத்தாழ 7 கிராம் நைதரசன் போய்ச் சேருகிறது. அது 15 கிராம் யூரியாவுக்குச் சமம். தையில் போட்ட பிடி யூரியா இதற்கு மேலதிகம். (செடியைவிட முக்கியமான ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும்: வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்து, புட்டிப்பாலும் கொடுப்பதானால், கிணற்று நீரை ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது.)

ஆகவே இன்றிலிருந்து யூரியாவையும் மாட்டெருவையும் நிறுத்துங்கள். தண்ணீரையும் பத்து, பன்னிரண்டு நாட்களுக்கு முற்றாக நிறுத்துங்கள். செம்மண்ணில் வேர் ஓடிய ஐந்து வயது மல்லிகை இதைத் தாங்கும். மத்தியானத்தில் இலை சற்றே சோர்ந்து மாலையில் நிமிர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. காலையிலும் சோர்ந்தே நின்றால் அன்றைக்கே ஒரு வாளி ஊற்றிவிடுங்கள். கிணற்றடியில் குளிக்கும் நீரும் உடுப்புத் தோய்க்கும் நீரும் வாய்க்கால் வழியாக இந்தச் செடிகளுக்குத்தான் போகிறதா என்றும் பாருங்கள். போகிறதென்றால், வாளியை நிறுத்தியும் பயன் இராது. வாய்க்காலை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். என் வளவில் ஒரே தாய்ச்செடியின் பதியன்கள் இரண்டில், கிணற்று வாய்க்காலோரம் நின்றது வேலி உயரத்துக்குத் தழைத்தும் பூக்காமலே நின்றது. படலையடியில் அரைக்குடம் தண்ணீரோடு கிடந்ததில்தான் பிள்ளைகள் மொட்டுப் பறித்தார்கள். வாய்க்காலைத் திருப்பிய அடுத்த பருவத்திலேயே முன்னதும் பூத்தது.

அடுத்தது கவ்வாத்து. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் குறுக்கி வெட்டும் பெரிய கவ்வாத்து, மழை ஓயும் மார்கழிக் கடைசியிலோ தை முற்பகுதியிலோ செய்யவேண்டியது. தமிழ்நாட்டில் கார்த்திகையிலேயே வெட்டுகிறார்கள் என்று யாரேனும் சொல்வார்கள். நமக்குக் கார்த்திகை அடைமழைக்காலம், வெட்டுவாய் காயாமல் அழுகும். இப்போது பங்குனியில் அப்படி ஒட்ட வெட்டினால், புதுக்கிளை வளர்ந்து மொட்டுக்கட்ட இரண்டு மூன்று மாதம் ஓடி, இவ்வருடத்துப் பூக்காலத்தின் நல்ல பகுதி போய்விடும். அதனால் இந்த முறை நுனிக்கவ்வாத்துப் போதும். ஒவ்வொரு கொடியிலும் நுனியிலிருந்து மூன்று கணுவைக் கூரான கத்தரிக்கோலால், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி ஓடும் மெல்லிய கொடி, அடியிலிருந்து நேராகக் கிளம்பி நிற்கும் கொழுத்த தளிர் ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். கொஞ்சம் இரக்கமில்லாமல்தான் வெட்டவேண்டும். நம் வீடுகளில் மல்லிகை பூக்காமைக்குக் கத்தரிக்கோலைத் தொடத் தயங்குவதும் ஒரு பெரிய காரணம். மாமரமோ பலாவோ மேலே கவிந்து நின்றால் அதன் கிளையையும் கழியுங்கள். நாளில் பாதியாவது நேர்வெயில் விழாத மல்லிகை எதைச் செய்தாலும் நிறையப் பூக்காது.

எக்சோராவின் நோய் வேறு. காரணம் அதே கிணறு. மஞ்சளான இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இளம் இலையில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் வலைபோலத் தெரிந்தால், அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. சுண்ணாம்பின் காரத்தன்மையில் அது கரையாமல் பூட்டுண்டு கிடக்கிறது. எக்சோரா புளிப்பு மண்ணை விரும்பும் செடி. அதைச் சீமெந்து மதிலோரம், கட்டட வேலையில் கொட்டிய சாந்தும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் வைத்து, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் நீரையே ஊற்றினால் அது மஞ்சளாவதில் வியப்பில்லை. சந்தேகம் தீர ஒரு பிடி மண்ணை எடுத்து அதில் வினாகிரியைச் சில துளி விடுங்கள்; நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

உடனடி ஆறுதலுக்கு, ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் பெரசு சல்பேற்றும் (இரும்புச்சத்துள்ள உப்பு) சில துளி தேசிக்காய்ச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்து, கருகல் இல்லையென்றால் மற்றவற்றுக்கும் தெளிக்கலாம்; மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். கலக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, சுண்ணாம்பு படிந்தபின் மேல்நீரை மட்டும் எடுங்கள். சுவரிலும் சீமெந்துத் தரையிலும் படவிடாதீர்கள், துருக்கறை போகாது. நிலையான தீர்வு, செடியைப் பெரிய சாடிக்கு மாற்றுவதுதான். மட்கிய இலை, தும்புச்சோறு, நன்றாக உக்கிய எரு ஆகியவற்றைச் செம்மண்ணோடு சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். வரும் ஐப்பசியிலிருந்து கூரைப் பீலியால் வடியும் மழைநீரை ஒரு பீப்பாயில் பிடித்துவைத்து, அதை எக்சோராவுக்கென்றே ஒதுக்குங்கள். அடுப்புச் சாம்பலை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். சாம்பலில் பொட்டாசியம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது காரம், இருக்கிற பூட்டை இன்னும் இறுக்கும்.

போகன்விலாவுக்குச் சொல்ல அதிகமில்லை. நிலத்தில் நிற்கும் செடிக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் நீர் வேண்டாம், பசளை வேண்டாம், நீண்ட விளார்களைப் பாதியாக வெட்டுங்கள். நாம் பூவென்று சொல்லும் நிறமான மூன்று இதழ்களும் உருமாறிய இலைகள். நடுவில் உள்ள சிறு வெள்ளைக் குழல்களே பூ.

டியூலிப் வேண்டாம். பல வாரங்கள் கடுங்குளிரில் கிடந்தால்தான் அந்தக் கிழங்கு பூத்தண்டு விடும். அனுமதிப்பத்திரமின்றிக் கிழங்கையோ செடியையோ நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. மகள் ஆடியில் வரும்போது மல்லிகை மொட்டோடு நிற்கலாம், நுனிக்கவ்வாத்தை இந்த மாதத்திலேயே முடித்தால்.

வெட்டி இரண்டு வாரத்தில் செம்பச்சையாகத் துளிர் கிளம்பும். அப்போது நாலு நாளுக்கு ஒருமுறை, வேர் ஆழம் நனைய இரண்டு வாளி ஊற்றி, செடியடியைப் பூவரசங்குழையால் மூடிவிடுங்கள். பசளைக்கும் அதுவே நேரம்: நைதரசன் ஒரு பங்கென்றால் பொசுபரசும் பொட்டாசியமும் இரண்டிரண்டு பங்கு. உங்கள் கிணற்று நீரே நைதரசன் தருவதால் யூரியாவை இந்த வருடம் முழுவதும் விட்டுவிடலாம். பிறகு தினமும் காலையில் துளிரின் நுனியைப் பாருங்கள். கடைசி இரண்டு இலைகளுக்கு நடுவே, கடுகளவில், பெரும்பாலும் மூன்று மூன்றாகப் பச்சை மொட்டுகள் தெரியும். அவற்றைக் கண்டபிறகு தண்ணீரைத் தவறவிடக் கூடாது. அந்த நிலையில் வேர் காய்ந்தால் மொட்டு உதிர்ந்துவிடும்.