உங்கள் 'பாவம்' திருப்பி அனுப்பப்படுகிறது

கேள்வி: கடல் முழுக்க உப்புத் தண்ணீர். திமிங்கலம், டால்பின், சீல் எல்லாம் நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுப்பவைதானே? பாவம், தாகம் எடுத்தால் நல்ல தண்ணீருக்கு அவை எங்கே போகும்?
– ஒரு வாசகி, மணமேல்குடி

பதில்: இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி, யாரையாவது திட்டச் சொல்லி வருகின்றன. மீதிப் பாதி, போன வாரம் நான் திட்டியது போதவில்லை என்று வருகின்றன. நடுவில் ஒரு கடிதம் 'பாவம்' என்று சொல்கிறது, அதுவும் திமிங்கலத்தைப் பார்த்து. சந்தோஷம். ஆனால் முகவரி மாற்றி அனுப்பிவிட்டீர்கள்.

யார் பாவம் என்று சொல்கிறேன். எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு, ஓடாது. ஒரு பையன் 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருவான். கேனைக் கவிழ்த்து வைப்பது அவன் வேலை இல்லையாம். கடைசித் தம்ளர் பிடித்தவர்தான் புதுக் கேனைக் கவிழ்க்க வேண்டும் என்று நாங்களாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். விளைவு, கடைசித் தம்ளரை யாருமே பிடிப்பதில்லை. அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் கிடக்கும். அதைச் சுற்றிப் பட்டதாரிகள் ஏழெட்டுப் பேர் நாக்கு வறண்டு உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு விஷயம் தெரியாத விருந்தாளி யாராவது வந்து தண்ணீர் கேட்பார். 'தாராளமாக, நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் சார்' என்று நாலு பேர் ஒரே குரலில் உபசரிப்பார்கள். எங்கள் பத்திரிகையில் கவிதை வெளிவந்த பலர் இப்படிக் கேன் கவிழ்த்தவர்கள்தான்.

மாடியிலிருந்து பார்த்தால் வங்காள விரிகுடா தெரிகிறது. அதிலிருந்து குடிநீர் எடுக்க மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் ஆலைகள் வந்தன. ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன் கொண்டது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரி ஆலையில் ஆயிரம் லிட்டர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போகும். உள்ளே இழுத்த நீரில் பாதிக்கு மேல் இன்னும் உப்பேறிக் கடலுக்கே திரும்பிப் போகும். சரி, திமிங்கலத்துக்கு வருவோம். அதற்குக் கேனும் இல்லை, மின்சாரமும் இல்லை.

முதலில் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் ரத்தத்தில் சுமார் 9 கிராம். திமிங்கலத்தின் ரத்தமும் ஏறக்குறைய நம்மைப் போலத்தான். கடல்நீரைக் குடித்தால் அந்த உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும், தள்ளுவதற்குத் தண்ணீர் வேண்டும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த உடலியல் அறிஞர் கூனுட் ஷ்மிட்-நீல்சன் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். மனிதன் ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் அந்த உப்பைக் கழிக்க 1,350 மில்லி சிறுநீர் போக வேண்டும். குடித்ததும் போய், கையிருப்பில் 350 மில்லியும் போச்சு. திமிங்கலம் அதே ஒரு லிட்டரைக் குடித்தால் 650 மில்லியில் வேலையை முடித்துவிடும். 350 மில்லி லாபம். இதன் பக்கத்தில் நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தை வைத்துப் பாருங்கள். பழைய ரகங்கள் நாலு லிட்டர் குழாய்த் தண்ணீரை வாங்கி, ஒரு லிட்டரை நமக்குக் கொடுத்துவிட்டு மூன்றைச் சாக்கடைக்கு விடும். அதுவும் கடல்நீர் இல்லை, சாதாரணக் குழாய்த் தண்ணீர். நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள ஊர்களில் இந்த இயந்திரமே வேண்டாம் என்று 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. சொன்னதோடு சரி. என் மைத்துனர் வீட்டில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது, ஆர்.ஓ.வும் ஓடுகிறது. கேட்டால் 'எல்லார் வீட்டிலும் இருக்கிறதே' என்கிறார்.

ஷ்மிட்-நீல்சனைப் பற்றி இன்னொன்று. ஒட்டகம் எப்படித் தாகம் தாங்குகிறது என்று பாலைவனத்துக்கே போய் ஆராய்ந்தவர் அவர். டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. எதிரில் ஓர் ஒட்டகம் நிற்கிறது, இவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் எத்தனை சிலைகள்! எல்லாம் கையை நீட்டி எங்கேயோ வழி காட்டுகின்றன. ஒரு பிராணியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் சிலை ஒன்று வைத்தால் சந்தா கொடுக்க நான் தயார்.

லாபம் வரும் என்பதற்காகத் திமிங்கலம் கடலைக் குடித்துக்கொண்டே இருப்பதில்லை. இரையோடு கொஞ்சம் உள்ளே போகும், அவ்வளவுதான். அதற்கு வேண்டிய தண்ணீர் சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறது. மீனின் உடம்பில் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர். அந்த மீன் உப்பைச் செவுள் வழியாக ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், அதன் உடம்பின் உப்பு கடலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். டால்பின் நோகாமல் அந்த மீனை விழுங்குகிறது. கணவாயையும், கிரில் என்ற இறால் போன்ற குட்டிப் பிராணியையும் தின்பவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அந்த இரைகளின் உடம்பு கடலளவுக்கே உப்பானது. அதற்காகத்தான் அந்தச் சிறுநீரகம். நமக்கு இருப்பது போல அவரை விதை வடிவில் ஒரே கட்டியாக இல்லை. திராட்சைக் குலை போல நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிச் சிறுநீரகங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்யும். பெரிய திமிங்கலங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அப்புறம் கொழுப்பு. நூறு கிராம் கொழுப்பை உடம்பு எரித்தால் நூற்றேழு கிராம் தண்ணீர் கிடைக்கும். அச்சுப் பிழை இல்லை. மூச்சில் வரும் ஆக்ஸிஜன் கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது. ஆனால் ஆக்ஸிஜன் வேண்டுமென்றால் மூச்சு விட வேண்டும், மூச்சு விட்டால் ஈரம் போகும். சம்பாதித்ததை அங்கேயே தொலைக்காமல் இருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கலிபோர்னியாக் கரையில் யானைச் சீல் குட்டி இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். பிறந்து நாலு வாரத்தில் தாய் பாலை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். போவதற்குள் குட்டி நூறு கிலோவைத் தாண்டியிருக்கும், ஏனென்றால் அந்தப் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு (நம் பசும்பாலில் 4 சதவீதம்). பட்டினி கிடந்து பால் கொடுக்கும் தாய்க்கும் அதில் தண்ணீர் மிச்சம். அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் குட்டி எதையும் தின்னாது, குடிக்காது. மணலில் படுத்துக் கிடக்கும். அதன் மூக்குக்குள் சுருள் சுருளாக எலும்பும் அதன்மேல் ஈரச் சவ்வும் உண்டு. உள்ளே போகும் காற்று அந்தச் சவ்வைக் குளிர்விக்கும். வெளியே வரும் சூடான காற்று குளிர்ந்த சவ்வில் பட்டுத் தன் ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். போதாததற்குத் தூக்கத்தில் பல நிமிடம் மூச்சையே நிறுத்திக்கொள்ளும். சிறுநீரும் பேருக்குத்தான்.

இப்போது எங்கள் சிறுவர் பக்கத்து ஓவியரிடம் வருகிறேன். இது பழைய சண்டை. திமிங்கலம் என்றால் தலையில் நீரூற்று வரைவார். நானும் சொல்லி அலுத்துவிட்டேன். அது மூச்சு ஐயா, தண்ணீர் இல்லை. நீலத் திமிங்கலம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்து ஒன்பது மீட்டர் உயரத்துக்குப் புகையாய்த் தெரிகிறது. அதையும் அது அடிக்கடி விடுவதில்லை. நாம் ஒரு மூச்சில் நுரையீரல் காற்றில் பத்துப் பதினைந்து சதவீதம் மாற்றுகிறோம் என்றால் திமிங்கல இனம் எண்பது, தொண்ணூறு சதவீதம் மாற்றிவிடும். வியர்வைச் சுரப்பியும் கிடையாது. தண்ணீரில் இவ்வளவு கருமித்தனம் உள்ள ஒரு பிராணியின் தலையில் பூங்காவில் இருப்பது மாதிரி ஊற்றா? ஓவியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த இதழில் அதே ஊற்று, கீழே குடை பிடித்தபடி ஒரு நண்டு. குழந்தைகளுக்கு நண்டு ரொம்பப் பிடித்துப்போனதாகக் கடிதங்கள் வேறு வந்தன.

நல்ல தண்ணீர் தேடிப் போவதும் ஒன்று உண்டு. புளோரிடாவில் மேனட்டி என்றொரு கடற்பசு இனம். ஆற்று முகத்துவாரங்களுக்கு வந்து குடிக்கும். படகுத் துறையில் தோட்டக் குழாய் ஒழுகினால் வாயை அங்கேயே வைத்துக்கொள்ளும். இரக்கப்பட்டுக் குழாயை நீட்டினால் அங்கே சட்டப்படி குற்றம். குழாய்க்குப் பழகினால் படகுக்கும் பழகும், அப்புறம் படகின் விசிறியில் வெட்டுப்படும்.

அதன் உறவுக்காரர் ஒருவர் உங்கள் ஊர்க் கடலிலேயே இருக்கிறார். இவரும் கடற்பசுதான், உங்கள் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். நாளுக்கு 30 கிலோ அளவுக்குக் கடற்புல் மேய்ந்துகொண்டு, முழு ஆயுளும் உப்புத் தண்ணீரிலேயே கழித்துவிடும். ஆற்றைத் தேடுவதில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. உங்கள் 'பாவம்' யாருக்காவது செலவாக வேண்டுமென்றால் இதற்கு ஆகட்டும். தாகத்துக்காக இல்லை. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணி இது. வலையில் சிக்கிவிட்டால் மேலே வர வழியில்லை. உயிரோடு அவிழ்த்து விட்டு வனத்துறையின் பரிசு வாங்கிய மீனவர்கள் உங்கள் கரையோரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கடைசியாக, நம் மருத்துவப் பக்கத்தில் எழுதுகிறவருக்கு. 'தாகம் எடுக்கிறதோ இல்லையோ, எல்லோரும் தினம் மூன்று லிட்டர் குடித்தே ஆக வேண்டும்' என்று நாலாவது முறையாக எழுதியிருக்கிறார். சாம்பாரில், ரசத்தில், மோரில், சோற்றில், வெள்ளரிக்காயில் இருப்பதெல்லாம் அவர் கணக்கில் தண்ணீராகச் சேருமா, சேராதா? சிறுநீரகத்தில் கல் உள்ளவருக்கும் வெயிலில் வேலை செய்கிறவருக்கும் நிறையத் தண்ணீர் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஏ.சி. அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவருக்கும் அதே மூன்று லிட்டரா? மறுப்பு எழுதுவதானால் எழுதட்டும், ஒரு பக்கத்துக்கு மிகாமல். நேரில் கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் நல்லது. மூன்று மணி வாக்கில் வரட்டும்.