காற்றாலைக்கு நிலம் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் காற்றாலை வைக்க நிலம் கேட்டு வந்திருக்கிறார்கள். வேலை வரும், கரண்ட் பில் குறையும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: பில் குறையாது. காற்றாலை மின்சாரம் துணை மின்நிலையம் வழியாக கிரிட்டுக்கு, அதாவது பொது மின் வலையமைப்புக்குப் போய்விடும். உங்கள் மீட்டருக்கு மின்வாரியக் கட்டணம்தான். வேலை வரும், ஆனால் பெரும்பகுதி கட்டுமானத்தோடு முடிந்துவிடும். அஸ்திவாரம், கம்பி கட்டு, ரோடு, டிப்பர் எல்லாம் சில மாதங்கள். பிறகு காவலாளிகளும் ஒரு சில டெக்னீஷியன்களும் போதும். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த இடங்களை இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

உருப்படியான வருமானம் குத்தகையும் அதோடு பேசி வாங்கும் யூனிட் பங்கும்தான். கணக்கு இது: 2 மெகாவாட் ஆலை ஆண்டுச் சராசரியாக 25% திறனில் ஓடினால் 43.8 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 5 பைசா ஊர்ப் பொதுநிதிக்குப் பேசினால் ஆண்டுக்கு 2.19 லட்சம் ரூபாய். ஆனால் காற்றின் வேகம் 10% குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் 27% குறையும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நல்ல காற்று தென்மேற்குப் பருவத்தில்தான். ஆகவே, குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயித்து, அதற்கு மேல் யூனிட் பங்கு வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குபவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். இறக்கையோ கியர்பாக்ஸோ பழுதானால் பெரிய கிரேன் மறுபடி வரும். அப்போது வெட்டும் தென்னைக்கு, மரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பத்திரத்திலேயே இருக்கட்டும். இறக்கை பக்கத்து நிலத்தின் மேல் சுழலுமானால் அந்த நிலத்துக்காரருக்கும் பங்கு வேண்டும். இதை விட்டால் பிறகு வரப்புச் சண்டைதான். ஆயுள் முடிந்த கோபுரத்தைக் கழற்றி, அஸ்திவாரத்தை உழவுக்குத் தடையில்லாத ஆழம்வரை உடைத்தெடுக்க வங்கி உத்தரவாதம் கேளுங்கள். கம்பெனி கைமாறினால் யாரைத் தேடுவீர்கள்?

கையெழுத்துக்கு முன் வில்லேஜ் ஆபீசில் பாருங்கள். டேட்டா பேங்க் என்ற நெல்வயல் பதிவேட்டில் உங்கள் நிலம் இருந்தால், 2008-ஆம் ஆண்டுக் கேரள நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

‘சிஎஸ்ஆரில் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பள்ளிக்கூடம்’ என்ற வாக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். முந்தைய ஆண்டில் நிகர லாபம் 5 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிக்குத்தான் அந்தக் கடமை. ஒரு காற்றாலைக்கென்று புதிதாகத் தொடங்கிய கம்பெனி எதையும் தொடாமல் இருக்கலாம்.

கேள்வி: விசிறி மழை மேகத்தைக் கலைத்துவிடுமா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: கலைக்காது. பருவமழையைக் கொண்டுவரும் காற்றோட்டம் சில கிலோமீட்டர் உயரம் உள்ளது. விசிறியின் உயரம் அதன் அடியில் 200 மீட்டர் அளவிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வேண்டும்?
– வாசகர், சித்தூர்

பதில்: மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல், இரைச்சலுக்காக 500 மீட்டர் என்றது. வரைபடத்தை மட்டும் நம்பாமல், கோபுரப் புள்ளிக்கு அடித்த முளைக்குச்சியிலிருந்து அளந்து பாருங்கள். சாயங்கால வெயிலில் இறக்கை நிழல் ஜன்னலில் வெட்டி வெட்டி விழுமா என்றும் கேளுங்கள்; அதைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிட முடியும்.