சீனி வருத்தம் உள்ளவர் வெயிலில் வெளியே போகும்போது என்ன குடிக்கலாம்?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். கணவருக்கு 58 வயது. சீனி வருத்தமும் (நீரிழிவு) பிரஷரும் உண்டு. மெட்ஃபோமின், கிளிக்ளசைட், லொசாட்டன், ஹைட்ரோகுளோரோதையசைட் குளிசைகள் எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு நிலாவெளிக் கடற்கரை, கன்னியா வெந்நீரூற்று என்று கிட்டடியில் எங்காவது போவோம். போன கிழமை கன்னியாவில் குளித்துவிட்டு எழும்பும்போது கண் இருண்டு விழப்பார்த்தார். இருத்தி, கொண்டுபோன விளாம்பழ ஜூஸைக் கொடுத்ததும் தெளிந்தார். இனியும் ஜூஸ் கொண்டுபோகலாமா? செவ்விளநீர் நல்லதா? போவதையே நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பிள்ளைகளோடு கடற்கரையில் நடப்பது அவருக்கு நல்லது. ஆனால் அன்று குறைந்தது பிரஷரா, இரத்தத்திலுள்ள சீனியா என்று தெரியவேண்டும்.

பிரஷர் என்றால் காரணம் கன்னியாவிலேயே இருக்கிறது. வெயிலில் நின்று சுடுதண்ணீரை வாளி வாளியாக ஊற்றும்போது தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். லொசாட்டனும் அதைக் குறைக்கிறது. ஹைட்ரோகுளோரோதையசைட் உப்பையும் தண்ணீரையும் சலத்தோடு வெளியேற்றுகிறது. எல்லாம் சேர்ந்த நேரத்தில் சட்டென்று எழும்பினால் கண் இருளத்தான் செய்யும்.

மற்றது சீனி. விடிய கிளிக்ளசைட்டைப் போட்டுவிட்டு, 'போய்ச் சாப்பிடுவோம்' என்று வெளிக்கிடும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. அந்தக் குளிசை சாப்பாட்டுக்காகக் காத்திராமல் சீனியைக் குறைக்கும். குளிர்வியர்வை, கைநடுக்கம், பசி இருந்ததா என்று கேளுங்கள். ஜூஸால் தெளிந்தார் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, இருத்தியதாலும் தெளிந்திருக்கலாம். அடுத்த முறை குளுக்கோமீட்டரைக் கொண்டுபோங்கள். 70 mg/dL-க்குக் கீழே என்றால் அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். கருவி கையில் இல்லாமல் இந்த அறிகுறிகள் வந்தால் யோசிக்காமல் சீனித் தண்ணீரைக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

சரி, குடிப்பதற்கு வருவோம். விளாம்பழ ஜூஸ் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். அதன் புளிப்புக்கு நாம் அள்ளிப் போடும் சீனி, தாகத்துக்குக் குடிக்கும் பானமாக அவருக்குச் சரிவராது. கொதித்தாறிய தண்ணீர்தான் முதல். அதோடு சீனி போடாத தேசிக்காய்த் தண்ணீரோ, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோரோ கொண்டுபோகலாம். உப்பு ஒரு துளி போதும். மோரை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வையுங்கள். கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் வாகனத்துக்குள் கிடந்த மோரைப் பிறகு யாருமே குடிக்கக் கூடாது. ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் வயிற்றோட்டத்துக்கானது. அதிலுள்ள உப்பும் சீனியும் அவருக்குச் சும்மா தாகத்துக்கு வேண்டாம்.

செவ்விளநீரில் சீனியும் உண்டு, பொட்டாசியமும் நிறைய உண்டு. லொசாட்டன் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கக் கூடியது. சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தால் எப்போதாவது ஒரு சின்னக் காய் குடிக்கலாம். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு கூடியிருந்தால் கிளினிக்கில் கேட்காமல் வேண்டாம்.

இதையெல்லாம் விட நேரம் முக்கியம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு விடியவே போய் 10 மணிக்கு முன் திரும்புங்கள், அல்லது 4 மணிக்குப் பிறகு போங்கள். கன்னியாவில் குறைவாகக் குளித்து, இருந்து ஆறி, மெதுவாக எழும்பட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். நீண்டகாலச் சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப்போகலாம். நிலாவெளியில் சுடுமணலில் செருப்பில்லாமல் நடந்து, கால் சுட்டுக் கொப்பளித்தது தெரியாமலே வீட்டுக்கு வருபவர்கள் உண்டு. கடற்கரையில் செருப்பைக் கழற்ற விடாதீர்கள். கோணேசர் கோயிலுக்குக் கல் சுடாத நேரம் பார்த்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை நீங்களே பாருங்கள்.

குளிசை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியோடு போய் நடந்ததைச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதும் எழும்பி நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிளிக்ளசைட் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம். நெஞ்சுநோவோ, பேச்சுக் குழறலோ, நினைவு தடுமாற்றமோ வந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.