பப்பாசிக் காயில் வளையங்கள் தோன்றினால் மருந்து உண்டா?

களுவாஞ்சிகுடியில் உங்கள் வளவில் நிற்கும் பப்பாசியின் குருத்திலைகள் மஞ்சள் திட்டுகளோடு சுருங்குவதாகவும், காய்களில் வளையங்கள் தெரிவதாகவும் எழுதி, மருந்து கேட்டிருக்கிறீர்கள். இலைக்காம்பில் எண்ணெய் பட்டதுபோன்ற கரும்பச்சைக் கோடுகளும் இருந்தால், அது பெரும்பாலும் பப்பாசி வளையப்புள்ளி வைரசுதான். தொற்றிய மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

அழுக்கணவன் பூச்சி நோயுற்ற இலையில் சில நொடிகள் உறிஞ்சியே வைரசை எடுத்து, அடுத்த மரத்திலும் அதே வேகத்தில் தொற்றவைத்துவிடுவதால், பூச்சிநாசினி வேலை செய்யும் முன்பே நோய் பரவிவிடுகிறது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவிலுள்ள பூனா மாவட்டத்தில் 1992இல் இந்நோய் கண்டபோது, 1998இல் வந்த மரபணு மாற்றிய 'ரெயின்போ' இரகமே அங்கு பப்பாசிச் செய்கையைக் காப்பாற்றியது.

காய் நிற்கிறதே என்று இரங்காமல் அந்த மரத்தை வேரோடு பிடுங்கிப் புதையுங்கள். புதுக் கன்றுகளைத் தள்ளி நட்டு, சுற்றிலும் சோளன் வையுங்கள். அருகில் பூசணி, வெள்ளரி வேண்டாம்.