விடைபெறும் வாரமும் வெந்நீர்க் கணக்கும்

கேள்வி: செப்டம்பரிலிருந்து பிரான்ஸின் ஆன்ஜே நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கி பிரெஞ்சு படிக்கிறேன். கணவன், மனைவி, 9 வயதுப் பையன். ஜூன் 28 அன்று ஊர் திரும்புகிறேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பிப்ரவரியில், நான் குளிக்க அதிக நேரம் எடுப்பதாக அந்த அம்மா முகம் சுளித்தார். அதன்பின் பேச்சு சுருங்கிவிட்டது. கிளம்பும்முன் அதைச் சரிசெய்ய வேண்டும். ஒருநாள் நம் ஊர்ச் சாப்பாடு சமைத்துப் போடவும் ஆசை. என் அம்மா பட்டுப் புடவை, குத்துவிளக்கு, பால்கோவா எல்லாம் பார்சல் அனுப்புகிறேன் என்கிறார், அனுப்பச் சொல்லலாமா? வங்கிக் கணக்கு, போன், வீட்டு உதவித்தொகை இவற்றை எந்த வரிசையில் முடிப்பது?
– பெயர் வேண்டாம் எனக் கேட்ட வாசகி

பதில்: வெந்நீரை முதலில் முடிப்போம். பிரான்ஸில் பல வீடுகளில் வெந்நீர் என்பது சுவரில் தொங்கும் ஒரு மின்சாரத் தொட்டி. குடும்பத்துக்கு 150 முதல் 200 லிட்டர். மின்கட்டணம் குறைவான இரவு நேரத்தில் சூடாகும்படி அதை அமைத்திருப்பார்கள். பகலில் தீர்ந்தால் மறுநாள் காலைதான். ஷவரில் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொட்டுகிறது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டிபோல் இருப்பதால் கலவையில் பாதிக்கு மேல் வெந்நீர்தான். நீங்கள் 20 நிமிடம் நின்றால் தொட்டியில் பாதிக்கு மேல் காலி. அந்த ஊரில் பிள்ளைகளை இரவுச் சாப்பாட்டுக்கு முன் குளிப்பாட்டுவது வழக்கம். நீங்கள் மாலையில் குளித்திருந்தால், அடுத்து உள்ளே போன பையனுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் கடைசி நாள் கண்ணீரோடு சேர்க்காதீர்கள். இந்த வாரமே, ஒரு சாதாரண மாலையில், பாத்திரம் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்: "பர்தோன் பூர் லோ ஷோத், ஜ நாவே பா கோம்ப்ரி." வெந்நீர் விஷயத்துக்கு மன்னியுங்கள், எனக்கு அப்போது புரியவில்லை என்று பொருள். "ஸ நே பா கிராவ்", அதாவது பரவாயில்லை, என்று பதில் வந்தால் அதோடு விஷயம் முடிந்தது. நம் வழக்கப்படி மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

அதே பேச்சில் விருந்துக்குத் தேதியும் கேட்டுவிடுங்கள். ஜூன் மாதம் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு நம் வைகாசி முகூர்த்தக் காலம் மாதிரி. பள்ளி ஆண்டு முடிவு விழா, கல்யாணங்கள், 21-ம் தேதி ஊரெல்லாம் இசைத் திருவிழா. சனிக்கிழமைகள் மூன்று வாரம் முன்பே நிறைந்துவிடும். "நாளைக்குச் சமைக்கட்டுமா?" என்பது நமக்குப் பிரியம், அவர்களுக்கு நெருக்கடி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாக, வாரநாள் ஒன்றைக் கேளுங்கள். கடைசி இரவு வேண்டாம். அன்று பெட்டி கட்டவே நேரம் போதாது.

என்ன சமைப்பது? தோசை வேண்டாம், வடையும் வேண்டாம். இன்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அடி தட்டையான, காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே சூடேறும். உருண்டை அடி வாணலி அங்கே அலங்காரப் பொருள். எண்ணெயில் பொரித்தால் வாடை திரைச்சீலையில் நான்கு நாள் நிற்கும். புகைக் கண்டறியும் கருவி 2015 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம், அது தாளிப்புக்கும் தீவிபத்துக்கும் வித்தியாசம் பார்க்காது. கடுகைப் போடும்முன் அடுப்புக்கு மேல் உள்ள புகைபோக்கியை ஓடவிடுங்கள். சூட்டை 9-ல் வைக்காமல் 6-ல் வையுங்கள். இன்டக்‌ஷனில் எண்ணெய் சில நொடியில் காய்ந்துவிடும், கடுகு வெடிக்கும்முன் கருகும்.

அவர்கள் சாப்பிடும் வரிசையிலேயே நம் சாப்பாட்டைப் பொருத்துங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பையோடு உட்கார்ந்து கொறிக்கும் அபேரோவுக்கு உளுந்து அப்பளம். மைக்ரோவேவில் ஒவ்வொன்றாக 40, 45 நொடி, எண்ணெயே வேண்டாம். பையனை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்பளம் உப்புவதை விட்டு நகரமாட்டான். முதல் வகையாகத் தக்காளி ரசம், சூப் கிண்ணத்தில், மிளகு பாதியாக. பிறகு சாதமும் கோழிக் குருமாவும்.

நால்வருக்கு 300 கிராம் பாஸ்மதி, எலும்பில்லாத தொடைக்கறி 700 கிராம், பெரிய வெங்காயம் மூன்று, தக்காளி இரண்டு, மல்லித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். உங்களுக்கு ஊறுகாய் தனியே இருக்கட்டும். தேங்காய்ப்பால் 400 மில்லி டின் ஒன்று, அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். மேசைக்கு ரொட்டி வரும், குருமாவை அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். வரட்டும், நன்றாகவே இருக்கும். பாலாடைக்கட்டி வகையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அதன் பிறகுதான் இனிப்பு.

சேமியா பாயசத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரான்ஸின் மேற்குப் பக்கம் வீட்டுப் பிரிட்ஜில் கிடக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது, உறையில் 'தெமி-செல்' என்றிருக்கும். அதை உருக்கி நெய்யாக்கினால் உப்பு அடியில் தங்கும், கொஞ்சம் கூடவே வந்து பாயசத்தைக் கெடுக்கும். 'து' என்று எழுதிய உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டி ஒன்று வாங்குங்கள். அதில் கொழுப்பு 82 சதவீதம். பக்குவமாக உருக்கினால் ஏறக்குறைய 200 கிராம் நெய் கிடைக்கும். பால் சிவப்பு மூடி போட்டதுதான் முழுக் கொழுப்பு; நீல மூடியில் பாயசம் தண்ணீராக நிற்கும். சூப்புக்கென்று விற்கும் மெல்லிய வெர்மிசெல்லே போதும், 80 கிராம். நெய்யில் பொன்னிறமாக வறுத்து ஒரு லிட்டர் பாலில் வேகவைத்து, வெந்த பிறகு 90 கிராம் சர்க்கரை. நம் நாக்குக்குச் சப்பென்று இருக்கும், அவர்கள் நாக்குக்குச் சரி. கறிவேப்பிலை, கறுப்புக் கடுகு, பெருங்காயம் ஆன்ஜேயில் கிடைக்காவிட்டால், பாரிஸ் போகும்போது லா ஷப்பெல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் வாங்கி வையுங்கள். பெருங்காயத்தை மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் போட்டுத்தான் அந்த வீட்டு அலமாரியில் வைக்க வேண்டும்.

இனி பரிசு. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பட்டுப் புடவை வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம். புடவை பெட்டிக்குள் போய்விடும். விளக்கை எங்கே வைப்பது என்று அவர்கள் திண்டாடுவார்கள். விலை உயர்ந்த பரிசு அங்கே மகிழ்ச்சியைவிடக் கூச்சத்தையே தரும். 20 முதல் 40 யூரோ அளவு சரி. சுங்கக் கணக்கும் அதற்குத்தான் ஒத்துவருகிறது: தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ வரை வரியில்லாமல் வரும். பால்கோவாவுக்கு அந்தப் பேச்சே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் பால், இறைச்சிப் பண்டம் எதுவும் வரக்கூடாது, பிடித்து அழித்துவிடுவார்கள்.

கைத்தறி மேசைவிரிப்பு ஒன்று கேளுங்கள். ஆறு பேர் உட்காரும் மேசை ஏறக்குறைய 180-க்கு 90 சென்டிமீட்டர் இருக்கும். அதற்கு 150-க்கு 240 விரிப்பு பொருந்தும். ஆனால் அம்மாவிடம் அளவு சொல்லும்முன் நாடாவை எடுத்து அந்த வீட்டு மேசையை அளந்துவிடுங்கள். பையனுக்கு மடக்குப் பல்லாங்குழி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அவாலே என்ற குழியாட்டம் பிரான்ஸில் பலருக்குத் தெரியும். அவனும் விளையாடியிருந்தால் விதி விளக்க ஐந்து நிமிடம் போதும். காய்க்குப் புளியங்கொட்டை வேண்டாம், விதை என்று பார்சலில் சிக்கல் வரும், சோழி போதும்.

கொடுக்கும்போது அவர்கள் உங்கள் கண் முன்னே பிரிப்பார்கள். நாம் வாங்கி ஓரமாக வைப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். அங்கே பிரிக்காமல் வைத்தால்தான் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு அவர்கள் எதாவது கொடுத்தால் நீங்களும் உடனே பிரியுங்கள். பூ வாங்கினால் செவ்வந்தி தவிர்க்கவும். அங்கே அது நவம்பர் 1-ம் தேதியை ஒட்டிக் கல்லறைக்கு வைக்கும் பூ.

இவை எல்லாவற்றையும்விட அவர்கள் எடுத்து வைக்கப்போவது கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாதீர்கள், உங்கள் தப்போடேயே எழுதுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பது காற்றில் போகும். ஜுரம் வந்த அன்று யார் என்ன செய்து கொடுத்தார்கள், பையன் எந்தச் சொல்லைத் திருத்தினான் என்று மூன்று விஷயம் எழுதினால் நிற்கும். 'நீ' என்னும் 'து'வா, 'நீங்கள்' என்னும் 'வூ'வா என்ற குழப்பம் உங்களுக்கு இருக்கும். இருவரையும் சேர்த்து எழுதினால் பன்மைக்கு 'வூ'தான், பிரச்சினையே இல்லை.

காகித வேலையில் ஒரே விதி: போனும் வங்கியும் கடைசி. பலர் செய்யும் தப்பு, முதல் வேலையாகப் பிரெஞ்சு எண்ணை நிறுத்துவது. வங்கி அனுப்பும் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் போனால் சொந்தக் கணக்கே பூட்டிக்கொள்ளும். அதனால் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். முடிவுத் தேதி குறிப்பிடாத, தளவாடத்தோடு கூடிய அறையென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். அடுத்து, வீட்டு உதவித்தொகை தரும் காஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் கிளம்பும் தேதியைப் பதியுங்கள். அவர்கள் ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 5-ம் தேதி வாக்கில் போடுவார்கள். அறையை விடும் மாதத்துக்குப் பொதுவாக உதவி கிடையாது, ஜூன் வாடகையை முழுதாக உங்கள் கையிலிருந்து எடுத்து வையுங்கள். சொல்லாமல் போனால் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்டு ஊருக்கே கடிதம் வரும்.

முன்பணம் கட்டியிருந்தால், வீட்டுக்காரரோடு சேர்ந்து அறையைப் பார்த்துக் கையெழுத்திட்டுச் சாவியைத் தந்த பிறகு, குறை ஏதுமில்லையென்றால் ஒரு மாதத்துக்குள், இருந்தால் இரண்டு மாதத்துக்குள் திரும்பும். அது வந்து விழ ஒரு கணக்கு வேண்டுமே! ஆகவே கணக்கை ஆகஸ்ட் வரை விட்டுவைத்து, பிறகு பதிவுத் தபாலில் எழுதி மூடுங்கள். மூடக் கட்டணம் கிடையாது. போனை அதுவரை மலிவான திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் உங்கள் பெயரை உடனே கிழிக்கச் சொல்லாதீர்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். இன்னும் மூன்று மாதம் இருக்கட்டும். பிறர் கடிதத்தை அவர்கள் பிரிக்கமாட்டார்கள், அது சட்டப்படியும் குற்றம். "என் பெயருக்கு வருவதைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஆன்ஜேயிலிருந்து பாரிஸ் விமான நிலையத்துக்கே நேரடி டிஜிவி அதிவேக ரயில்கள் சில உண்டு. இரண்டு பெட்டியோடு பாரிஸ் மெட்ரோவில் இறங்கி ஏற வேண்டாம். பெட்டிகளில் பெயர்ச்சீட்டு கட்டாயம். கதவு புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடும். வேலைநிறுத்தம் என்றால் முந்தின நாள் மாலை 5 மணிக்கு எந்த ரயில் ஓடும் என்று தெரியும், அதைப் பாருங்கள். அவர்கள் கட்டிக்கொடுக்கும் கமம்பேர் பாலாடைக்கட்டி, ஜாம், ஒயின் மூன்றும் பெரிய பெட்டிக்குள். கைப்பையில் வைத்தால் மென்மையான பாலாடைக்கட்டியைக்கூடத் திரவக் கணக்கில் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வார்கள்.

காலையில் படுக்கை விரிப்பைக் கழற்றி மடித்து வையுங்கள். சாவியைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள்: பல பிரெஞ்சுக் கதவுகள் சாத்தியதும் வெளியிலிருந்து சாவியின்றித் திறக்காது. பெட்டிகள் தெருவில், பாஸ்போர்ட் கையில் என்று பார்த்த பிறகு, சாவியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். கன்னத்தோடு கன்னம் வைக்கும் பீஸ் எத்தனை என்று எண்ண வேண்டாம். பாரிஸில் இரண்டு, மோன்பெலியே பக்கம் மூன்று, உங்கள் லுவார் ஆற்றுப் பக்கம் சில வீடுகளில் நான்கு. அவர்கள் தலை திரும்பும் பக்கம் நீங்களும் திரும்புங்கள். 'அதியூ' என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே அது இனிப் பார்க்கமாட்டோம் என்பதற்கு. 'ஓ ரெவ்வார்' நம் "போயிட்டு வரேன்" மாதிரியே, மறுபடி பார்க்கும்வரை என்பதுதான் அதன் சொற்பொருள்.

சென்னையில் இறங்கியதும் ஒரு வரி அனுப்புங்கள். புத்தாண்டு வாழ்த்தை டிசம்பரிலேயே அனுப்ப அவசரம் இல்லை; அங்கே ஜனவரி 31 வரை வாழ்த்தலாம்.