வாத்து முட்டை கடைசி நாளில் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போவது ஏன்?

"தெர்மோகோல் பெட்டி இன்குபேட்டரில் கோழி முட்டை நன்றாகப் பொரிக்கிறது. அதே பெட்டியில் வாத்து முட்டையும் கூஸ் (பெருவாத்து) முட்டையும் வைத்தால், குஞ்சு முழுசாக வளர்ந்து, பொரிய வேண்டிய நேரத்தில் உள்ளேயே செத்துக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?" இதுதான் உங்கள் கேள்வி.

கோழி முட்டை பொரிக்கிறது என்றால் உங்கள் பெட்டியின் சூடு ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தை. அதிலும் பெட்டிக்குள் இருக்கிற ஈரத்தை விட, இத்தனை நாளில் முட்டை எவ்வளவு நீரை வெளியே விட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தாராவும் (வாத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கூஸும் வளர்க்கிறோம்; அடைக்கோழியிலும் வைப்போம், பெட்டியிலும் வைப்போம். இங்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அந்த வழியாகக் கிழக்குக் காற்று வறட்சியாக வீசும், உதடெல்லாம் வெடிக்கும். ஆனி, ஆடியில் அதே வழியாக மேற்கேயிருந்து மழைக்காற்று வரும், கொடியில் போட்ட துணி காயவே காயாது. அதனால் பெட்டிக்குள் ஒரே கிண்ணத்தில் ஒரே அளவு தண்ணீர் வைத்தாலும் தையில் முட்டை வறண்டுபோகும், ஆடியில் குஞ்சு ஊதிப்போகும். 55 சதவீத ஈரப்பதம் வைக்கச் சொல்லி எங்கும் எழுதியிருக்கும். அது தப்பில்லை. ஆனால் அது ஆரம்பத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு முட்டையைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு சமையலறைத் தராசு போதும். அடை வைத்த நாளிலிருந்து, அலகு ஓட்டைத் தட்டும் நாளுக்கு முன்னால் வரை, வாத்து முட்டை தன் எடையில் 12 முதல் 14 சதவீதம் வரை குறைய வேண்டும். அத்தனையும் ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறும் நீர். பத்து முட்டையைத் தட்டில் வைத்து மொத்தமாக நிறுத்துப் பாருங்கள். 700 கிராம் இருந்தால் ஏழாம் நாள் 675 பக்கம், பதினாலாம் நாள் 650 பக்கம், இருபத்தைந்தாம் நாள் 610 பக்கம் இருக்க வேண்டும். நடுவில் கூமுட்டை என்று ஒன்றை எடுத்துப் போட்டால் அதன் எடையைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். கூஸ் முட்டை ஒன்று 150 கிராம் என்றால், கடைசியில் ஏறக்குறைய 20 கிராம் குறைந்திருக்கும்.

எடை வேகமாகக் குறைந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்ட வேண்டும். தண்ணீரின் ஆழத்தால் பயனில்லை, பரப்பு அகலமாக இருக்க வேண்டும். ஒரு ஈரத்துணியின் நுனியைக் கிண்ணத்திலிருந்து தொங்கவிட்டாலே போதும். எடை குறையவில்லையென்றால் கிண்ணத்தை வெளியே எடுத்துவிடுங்கள். ஆடி மாதத்தில் பாதி நாள் எங்கள் பெட்டியில் தண்ணீரே இருக்காது.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், நீர் வெளியேறிய இடத்தில்தான் முட்டையின் அகன்ற முனையில் காற்றறை உருவாகிறது. குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்கும். நீர் போதுமான அளவு போகாவிட்டால் காற்றறை சின்னதாக இருக்கும், குஞ்சும் வீங்கியிருக்கும். திரும்ப இடமில்லாமல் உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். நீர் அதிகம் போனாலோ உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். செத்த முட்டைகளை உடைத்துப் பாருங்கள், அருவருப்பாக இருந்தாலும் பாருங்கள். குஞ்சு ஈரமாக, கொழகொழவென்று இருந்தால் ஈரம் அதிகம். சவ்வு காகிதம் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரம் குறைவு. எதைத் திருத்த வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைத்துச் சொல்கிறது.

அடுத்தது சூடு. காற்றாடி வைத்த பெட்டிக்கு 37.5 டிகிரி. காற்றாடி இல்லாமல் மேலே பல்பு மட்டும் எரிகிற பெட்டி என்றால், முட்டையின் மேல்பக்க உயரத்தில் 38.5 பக்கம் இருக்க வேண்டும். கோழி முட்டையோடு கூஸ் முட்டையை வைப்பதில் சிக்கல் இங்கேதான் வரும். கூஸ் முட்டை பெரியது, அதன் மேல்பக்கம் பல்புக்கு நெருக்கமாக நிற்கும். கோழி முட்டை உயரத்தில் வைத்த தெர்மாமீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கூஸ் முட்டை அதிகச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். நாள் கணக்கும் வேறு வேறு: கோழிக்கு 21, சாதாரண வாத்துக்கு 28, கூஸுக்கு 28 முதல் 32 வரை, மணித்தாராவுக்கு (மஸ்கோவி வாத்து) 35. கோழிக்குஞ்சு வெளிவருவதற்காக ஈரத்தை ஏற்றுகிற நாளில் வாத்துக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும். முடிந்தால் தனித்தனியாக வையுங்கள்.

திருப்புவது முதல் இரண்டு வாரத்தில் ரொம்ப முக்கியம். அப்போது விட்டுப்போனால் குஞ்சு கோணலாக வளரும், கடைசியில் தலை காற்றறைப் பக்கம் வராது. கூஸ் முட்டையைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் பென்சிலில் குறி போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை முழுசாக மறுபக்கம் புரட்டுங்கள். ஒற்றைப்படையில் புரட்டினால்தான் ராத்திரி நேரம் ஒருநாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமுமாக மாறி வரும்.

முட்டையை ஆறவைப்பது கோழிக்குத் தேவையில்லாத வேலை. தாய் வாத்து தினமும் எழுந்து போய் மேய்ந்து, தண்ணீரில் இறங்கி, நனைந்த இறகோடு வந்து உட்காரும். பெரிய முட்டைக்குள் கரு வளர வளர அதுவே சூட்டை உண்டாக்கும், அந்தச் சூடு சீக்கிரம் வெளியேறாது. அதனால் பத்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளிப்பேன். கூஸுக்குக் கட்டாயம் செய்வேன். வாத்துக்கு மழைக்காலத்தில் தெளிப்பதை விட்டுவிட்டு ஆறமட்டும் வைப்பேன். ஓட்டில் முதல் விரிசல் வருவதற்கு முன்பே, வாத்துக்கு 25ஆம் நாள், கூஸுக்கு 27ஆம் நாள் இதையும் புரட்டுவதையும் நிறுத்திவிட வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட அந்தக் கடைசிக் கட்டம். ஈரத்தை 70, 75க்கு ஏற்றுங்கள், ஆனால் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். இந்த நேரத்தில் குஞ்சுக்கு உயிர்வளி நிறைய வேண்டும். ஈரம் போய்விடுமே என்று துளையில் டேப் ஒட்டினால் குஞ்சு மூச்சுத் திணறிச் செத்துவிடும். முதலில் காற்றறை ஒருபக்கமாகச் சரியும். பிறகு உள்ளேயிருந்து சத்தம் கேட்கும். பிறகு ஓட்டில் ஒரு விரிசல் வரும், அதன்பின் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நெஞ்சு பதறுகிற நேரம் இது. கோழிக்குஞ்சு விரிசல் விட்ட சில மணி நேரத்தில் வெளியே வந்து பழகிய கண்ணுக்கு, வாத்து ஒருநாள், ஒன்றரை நாள் அப்படியே கிடப்பது பயத்தைக் கொடுக்கும். கூஸ் இரண்டு நாள்கூட எடுக்கும். ஆனால் குஞ்சு சும்மா இல்லை. சவ்விலிருக்கும் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வேலை முடிவதற்குள் ஓட்டை உரித்தால் தொப்புளில் ரத்தம் கசிந்து செத்துப்போகும். திறந்து திறந்து பார்த்தாலும் ஈரம் போய்ச் சவ்வு இறுகும்.

என் அம்மிச்சி (பாட்டி) அடைக்கூடை பக்கம் யாரையும் விடமாட்டார். "தாராக்குஞ்சு அதும்பாட்டுக்கு வரும் கண்ணு, நீ போயி உன்ற சோலியப் பாரு" என்பார். அவர் சொன்னது இன்குபேட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

உதவி செய்ய வேண்டிய நேரமும் உண்டு. விரிசல் விட்டு வாத்துக்கு ஒன்றரை நாளுக்கும், கூஸுக்கு இரண்டு நாளுக்கும் மேல் ஆகி, தெரிகிற சவ்வு பழுப்பாகக் காய்ந்து, குஞ்சின் சத்தமும் தேய்ந்துகொண்டே போனால், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வைத் தடவி, காற்றறைப் பக்கத்து ஓட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டு இன்னும் சில மணி நேரம் பொறுங்கள்.

முட்டையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வாத்து சேற்றில் இடும். அழுக்கு முட்டை சூட்டில் அழுகி, வெடித்தே போகும், பெட்டி முழுக்கக் கிருமி பரவும். பச்சைத்தண்ணீரில் கழுவினால் உள்ளே சுருங்கி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். கூட்டில் வைக்கோல் தடிமனாகப் போட்டு, விடிந்ததும் எடுத்து, சுத்தமானதை மட்டும் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்துவைக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் இங்கே 40 டிகிரியைத் தொடும், வெளியே வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துக் கெட்டுவிடும். ஈரமணல் பரப்பின் மேல் மண்சட்டியை வைத்து, அதற்குள் முட்டையை வைத்தால் தாங்கும். ஏழாம் நாள் மொபைல் டார்ச்சில் பாருங்கள். நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது; வெறும் சிவப்பு வளையம் தெரிந்தால் செத்துவிட்டது, எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் பதற வேண்டாம், பெட்டியைப் போர்வையால் மூடி, வெந்நீர் பாட்டில் ஒன்றை உள்ளே வைத்தால் போதும். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். 40க்கு மேல் போகும் சூட்டைத் தாங்காது. அடைக்கோழி கிடைத்தால் அதையும் பயன்படுத்துங்கள். வாத்து முட்டை எட்டு, பத்து வரை மூடும். கூஸ் முட்டை நாலைந்துதான், அதையும் கோழியால் புரட்ட முடியாது, நீங்கள்தான் புரட்ட வேண்டும்.

கூஸ் குஞ்சை ஒற்றையாகப் பொரிக்க வைக்காதீர்கள். பொரிந்ததும் முதலில் பார்ப்பதைத் தாயென்று பற்றிக்கொள்ளும். ஆஸ்திரியாவின் கான்ராட் லோரென்ஸ் இந்தப் பழக்கத்தைக் கூஸ் குஞ்சுகளை வைத்தே விளக்கினார், 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். தனியாக வளர்ந்த குஞ்சு உங்கள் காலையே சுற்றிவரும், பெரிதானபின் மந்தையோடு சேராது. இரண்டு மூன்றாவது ஒன்றாகப் பொரிகிற மாதிரி வையுங்கள்.

தீவனத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கோ மக்காச்சோளமோ வாத்துக்குஞ்சுக்கு விஷம். அதிலிருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைக் கோழியை விட வாத்து ரொம்பக் குறைவாகத்தான் தாங்கும். கூடவே, கோழிக்குஞ்சை விட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் (வைட்டமின் பி3) அதிகம் வேண்டும். இல்லாவிட்டால் கால் வளைந்துவிடும். கோழிக்குஞ்சுத் தீவனம் போடுகிறவர்கள் கோதுமைத் தவிட்டைக் கலந்து கொடுங்கள். குடிக்கும் தண்ணீர், மூக்குத்துளை முங்கும் ஆழமும் குஞ்சு முங்காத ஆழமுமாக இருக்கட்டும்.