லேப்டாப் கீபோர்டில் கொட்டிவிட்டதா? கேள்வி பதில்

சென்னையில் லேப்டாப் சர்வீஸ் பார்ப்பவன் என்பதால், கொட்டியவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

வேளச்சேரி: அண்ணா, இப்பதான் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி அப்படியே கீபோர்டில் கொட்டிடுச்சு. துடைச்சிட்டேன், லேப்டாப் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன். அப்படியே வேலை பார்க்கலாமா?

வேண்டாம்மா. உடனே சார்ஜரை உருவிவிட்டு, பவர் பட்டனை அது அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஸ்லீப் போதாது. அப்புறம் பழைய துண்டை விரித்து, திறந்த லேப்டாப்பைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். உள்ளே போனது வந்த வழியே வடியட்டும்.

இப்போது ஓடுகிறது என்பதை நம்பாதீர்கள். கீபோர்டுக்கு அடியில்தான் மதர்போர்டு, அதாவது லேப்டாப்பின் மெயின் சர்க்யூட். ஆஃப் செய்த பிறகும் பேட்டரியிலிருந்து அதன் சில இடங்களுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ஈரமும் கரண்டும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்து, நாலு நாள் கழித்துச் செத்துப்போகும். பின்மூடியைக் கழற்றி பேட்டரி கனெக்டரை எடுத்துவிட வேண்டும். பழக்கம் இல்லையென்றால் இன்றைக்கே கடைக்குப் போங்கள். கீபோர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், போர்டு போனால் செலவு கையைக் கடிக்கும்.

ப்ராஜெக்ட் ஃபைல் உள்ளே மாட்டிக்கொண்டதா? நிறைய மாடல்களில் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வரும். வேறு மெஷினில் மாட்டி எடுக்கலாம். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால், அதைத் திறக்கும் நீண்ட எண்ணான ரெக்கவரி கீ கேட்கும்.

மயிலாப்பூர்: அரிசி டப்பாவில் வைக்கச் சொல்கிறார் மாமியார். ஹேர் டிரையர் காட்டலாமா?

அரிசியைச் சோறு வடிக்க வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈரத்தை அது இழுக்காது, தூசிதான் ஃபேனுக்குள் போகும். டிரையர் சூட்டில் கீகேப், அதாவது கீயின் பிளாஸ்டிக் தொப்பி, வளைந்துவிடும். மின்விசிறி போதும், நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஏசி அறை இன்னும் நல்லது. ஆனால் கொட்டியது காபி என்றால், காய்ந்தாலும் பாலும் சர்க்கரையும் உள்ளேயேதான் இருக்கும்.

திருவான்மியூர்: இளநீர்தான் சார். தண்ணீர் மாதிரிதானே?

இல்லை. அதில் பொட்டாசியம் உப்பு இருக்கிறது, கரண்டை நன்றாகக் கடத்தும். காபிக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

பெரம்பூர்: ரோஸ்மில்க் கொட்டி ஒரு வாரம் ஆகிறது. சில கீ ஒட்டுகிறது, சில எழுத்து வரவே இல்லை. சுத்தம் செய்தால் சரியாகுமா?

ஒட்டுவது சரியாகலாம். பேட்டரியை எடுத்துவிட்டு, கீகேப்பை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்தில் நெம்பி எடுங்கள். அடியில் இருக்கும் கத்தரிக்கோல் வடிவ பிளாஸ்டிக்கை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். பக்கத்தில் நெருப்பு ஆகாது. கை கழுவும் சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதில் பிசுபிசுப்பு உண்டு. ஸ்பேஸ் பாரில் கம்பி இருக்கும், அதைத் தொடாமல் விடுங்கள்.

வராத எழுத்துகள் வேறு கதை. உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்: மேலும் கீழும் கரண்ட் போகும் கோடுகள், நடுவில் ஓட்டை போட்ட தாள். ஒரே கோட்டில் பல கீகள் தொங்குவதால், அது அரித்தால் எல்லாம் கூட்டாகப் போகும். தாளுக்குள் புகுந்த சர்க்கரைத் தண்ணீரைத் துடைக்க வழியில்லை. கீபோர்டையே மாற்றிவிடுங்கள்.

தாம்பரம்: எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கீபோர்டு வாங்கி நானே மாற்றலாமா?

மாடலைப் பொறுத்தது. பழையவற்றில் நாலைந்து ஸ்க்ரூ, ஒரு ரிப்பன் கேபிள், அவ்வளவுதான். கேபிளைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் சின்ன கிளிப்பை நகத்தால் தூக்கிவிட்டு எடுங்கள். புதியவை பலவற்றில் பிளாஸ்டிக்கை உருக்கி மேல்மூடியோடு ஒட்டியிருப்பார்கள். அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பழைய கீபோர்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். பின்னால் பார்ட் நம்பர் இருக்கும். ஒரே மாடலிலேயே லைட் எரிவது, எரியாதது என்று வகை உண்டு. ஞாயிறன்று போனால் பெரும்பாலான ஷட்டர் மூடியிருக்கும்.

அம்பத்தூர்: வாரன்டியில் வருமா?

சாதாரண வாரன்டியில் வராது. விபத்துச் சேதத்துக்குத் தனித் திட்டம் எடுத்திருந்தால் கேளுங்கள். ‘ஒண்ணுமே கொட்டல’ என்று சாதிக்க வேண்டாம், ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் பல மாடல்களில் உள்ளே இருக்கும்.

அண்ணாநகர்: போர்டு தப்பித்தது. யுஎஸ்பி கீபோர்டு வைத்தே ஓட்டலாமா?

தாராளமாக. பழைய கீபோர்டு தானாக எழுத்து அடித்தால் அதன் ரிப்பனைக் கழற்றிவிடுங்கள். பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கும் மாடல் என்றால் மட்டும் கழற்றாதீர்கள், அப்புறம் ஆன் செய்ய வழியிருக்காது.